பழைய கார் ராலிகள்: இன்னும் மனத்தை அரிக்கும் ஒரு சந்திப்பைப் பகிருங்கள்

நான்கு கதவு ஹெரால்டு

1990களின் தொடக்கத்தில் தீவுத்திடலில் நடந்த ஒரு ராலிக்கு என் ஸ்டாண்டர்டு ஹெரால்டைக் கொண்டுபோயிருந்தேன். சென்னையில் உருவான முதல் கார் என்ற பெருமை அதற்கு உண்டு என்பதால், கயிறு கட்டிய இடத்தைச் சுற்றிக் காலையிலிருந்தே கூட்டம் இருந்தது. வந்தவர்கள் எல்லாரும் லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும், விற்பீர்களா என்ற இரண்டு கேள்விகளையே மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளைச் சட்டையும் வேட்டியும் அணிந்த ஒரு பெரியவர் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. அவர் காரின் முகத்தைப் பார்க்காமல் நேராகப் பக்கவாட்டுக்கு வந்து, கயிற்றுக்கு அடியில் குனிந்து நுழைந்து, முன்கதவின் அருகில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு பல்லவன் பேருந்துச் சீட்டை எடுத்து, அதை இரண்டாக மடித்து, பானெட் முடிந்து கதவு தொடங்கும் இடைவெளியில் மேலிருந்து கீழாக இழுத்தார். மேல்பாதியில் தாராளமாக வந்த சீட்டு கீழ்ப்பாதியில் சிக்கி நின்றது. மடிப்பைப் பிரித்து ஒற்றைத் தாளாக விட்டபோதுதான் அது நகர்ந்தது. "நாங்க இப்படி வெளியே விட மாட்டோம் சார்" என்றார்.

பரிசுக்கு மதிப்பெண் போடுகிறவர் அப்போது இரண்டு வண்டிகள் தள்ளி நின்றுகொண்டிருந்தார். அந்த வண்டியைச் சீர்செய்வதில் இரண்டு ஆண்டுகளையும் என் சம்பளத்தின் பெரும்பகுதியையும் செலவழித்திருந்தேன். "கயிற்றுக்கு அந்தப் பக்கம் நில்லுங்கள்" என்று சொன்னேன். நான் சொன்ன குரல் எனக்கு இன்னும் கேட்கிறது. அவர் எழுந்தார், சீட்டை மறுபடி பையில் வைத்தார், கூட்டத்துக்குள் போய்விட்டார்.

ஹெரால்டின் உடல் ஒரே கூடாக ஒட்டப்பட்டதன்று. துண்டு துண்டாகச் சட்டத்தின்மேல் போல்ட் போட்டு இறுக்கப்பட்டது. முன்பக்க மட்கார்டுகளோடு சேர்ந்து முழுதாக முன்னோக்கித் திறக்கும் அந்தப் பானெட்டையும் கீல்களின் போல்ட்டைத் தளர்த்தி நகர்த்தினால் இடைவெளி சீராகிவிடும். எனக்கு டிங்கர் வேலை செய்தவர் அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்ளாமல் பட்டி பூசி மறைத்திருந்தார். இரண்டு மழைக்காலம் கழிந்ததும், சீட்டு சிக்கிய அதே இடத்தில் பட்டி விரிசல் விட்டு உதிர்ந்தது. நான்கு கதவு ஹெரால்டு இங்கிலாந்தில் வரவே இல்லை, அது வண்டலூர்த் தொழிற்சாலையில் மட்டுமே செய்யப்பட்டது என்பதும், அந்தக் கதவுக்கு எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்று கைக்கணக்கில் அறிந்தவர்கள் உலகத்திலேயே அங்கு வேலை செய்தவர்கள்தாம் என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. "நாங்க" என்று அவர் சொன்னாரே, அந்தச் சொல்லை நான் காதில் வாங்கவே இல்லை.

பெரம்பூர்வாசி

உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் சென்னையின் முதல் கார் ஹெரால்டு என்பதை அப்படியே விட்டுவிட முடியாது. ஹெரால்டு 1961இல் வந்தது. அதற்கு முன்பே அதே நிறுவனம் வேன்கார்டையும் ஸ்டாண்டர்டு டென்னையும் இங்கே வெளியிட்டிருந்தது. அசோக் லேலண்ட் நிறுவனம் லாரிக்குப் போவதற்கு முன், அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில் இருந்த காலத்தில், எண்ணூரில் 1949 முதல் ஆஸ்டின் ஏ40 கார்கள் கோக்கப்பட்டன. இன்னும் பின்னோக்கிப் போனால், 1903இலேயே சிம்சன் நிறுவனத்தின் சாமுவேல் ஜான் கிரீன் ஒரு நீராவிக் காரை இந்த ஊரில் கட்டி ஓட்டியிருக்கிறார். வருங்காலத்தில் யாராவது இதைப் படித்துத் தவறாக நினைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே சொல்கிறேன்.

என் நினைவு சோழவரத்தைப் பற்றியது. போர்க்காலத்து விமான ஓடுபாதையில் நடந்த அந்தப் பந்தயங்களுக்கு என் மாமா என்னை அழைத்துப் போவார். எனக்கு அப்போது பதினொரு வயது. பந்தயத்துக்கென்று தனியாக வண்டி வைத்திருந்தவர்கள் சிலரே. மற்றவர்கள் வீட்டிலிருந்து ஓட்டி வந்த காரிலேயே பின் இருக்கையைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு ஓட்டினார்கள். அப்படி ஓர் ஓட்டுநர், விளக்குக் கண்ணாடி உடைந்தாலும் ஓடுபாதையில் சிதறாமல் இருப்பதற்காக அதன்மேல் பெருக்கல் குறியாகப் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டிருந்தார். கத்தரி இல்லை. என்னைப் பார்த்து, "தம்பி, பல்லால கடிச்சுக் குடு" என்றார். நான்கு துண்டுகள் கடித்துக் கொடுத்தேன். அந்தப் பிளாஸ்திரியின் மருந்து நெடி இன்றும் என் நாக்கில் இருக்கிறது.

பந்தயம் தொடங்கியது. முதல் இரண்டு சுற்றுகளிலும் நான் ஒட்டக் கொடுத்த வெள்ளைக் குறி தூரத்திலிருந்தே தெரிந்தது. மூன்றாவது சுற்றில் அந்தக் கார் வரவில்லை. வண்டி பழுதாகி ஓரம் கட்டினாரா, வேறு ஏதாவது நேர்ந்ததா என்று மாமாவிடம் கேட்க எனக்குப் பயமாக இருந்தது. அவரும் ஒன்றும் சொல்லாமல் என்னைப் பேருந்துக்கு அழைத்து வந்துவிட்டார். மாமா இறந்து பல ஆண்டுகள் ஆகின்றன.

கோவளம் வழி

எண்ணூரில் நடந்தது வெளிநாட்டிலிருந்து வந்த பாகங்களைக் கோத்தது மட்டுமே, அதை உற்பத்தி என்று சொல்வது பொருந்தாது என்பது என் கருத்து. இருக்கட்டும்.

மாமல்லபுரம் வரை போன ஒரு ராலியில் என் ஃபியட் 1100 கோவளம் திருப்பத்தில் நின்றுவிட்டது. வெயில் ஏறி, தொட்டியிலிருந்து பெட்ரோலை இழுக்கும் ஏ.சி. பம்புக்குள் பெட்ரோல் ஆவியாகி, கார்புரேட்டருக்கு ஒரு சொட்டும் போகவில்லை. ஈரத் துணி போட்டும் பயனில்லை. மீன் கூடையோடு அந்த வழியே வந்த ஓர் அம்மா நின்று பார்த்துவிட்டு, கூடையிலிருந்து இரண்டு கை ஐஸை அள்ளித் துணியில் கட்டிப் பம்பின்மேல் தானே வைத்தார். ஐந்து நிமிடத்தில் வண்டி கிளம்பியது. பணம் கொடுத்தேன், வாங்கவில்லை. முன்னால் போன ராலி வண்டிகளைப் பிடிக்கும் அவசரத்தில், ஐஸ் குறைந்த அந்த மீனை அவர் எப்படி விற்பார் என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை.

இப்போது பழைய வண்டி வாங்கும் இளைஞர்களுக்குச் சில செய்திகளைச் சொல்லியே ஆக வேண்டும். இன்று கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. அது பழைய ரப்பர்க் குழாய்களை ஊறவைத்து இளக்கிவிடும். தொட்டியின் அடியில் ஐம்பது ஆண்டாகப் படிந்த கசட்டையும் கரைத்துக் கார்புரேட்டருக்கு அனுப்பும். காற்றின் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். கடலோரத்தில் இருக்கும் நமக்கு இந்தக் கடைசிக் கெடுதல் இரட்டிப்பு. ஆகவே முதலில் குழாய்களை மாற்றுங்கள், தொட்டியைக் கழற்றிக் கழுவுங்கள், மாதக்கணக்கில் பெட்ரோலோடு நிறுத்தி வைக்காதீர்கள். ஈயம் கலந்த பெட்ரோல் 2000ஆம் ஆண்டிலேயே நாடு முழுவதும் நின்றுவிட்டதால், எஞ்சினைப் பிரிக்கும்போது, வால்வுகள் வந்து உட்காரும் வளையங்களான வால்வு சீட்டுகளையும் தேயாமல் இருக்கக் கடினமான உலோகத்தில் போட்டுக்கொள்வது நல்லது. நமது பழைய ஆங்கிலேய வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் நேர்முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். அதை அறியாமல் புதிய மெக்கானிக் ஒருவர் மாற்றிக் கொடுத்தால் டைனமோவும் போகும், ரேடியோவும் போகும். 2021இல் வந்த விதிப்படி ஐம்பது ஆண்டு கடந்த வண்டிக்கு வி.ஏ. என்ற எழுத்துகளோடு தனிப் பதிவெண் பெறலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் ஓட்டக் கூடாது என்பதையும் பதியும் முன் யோசித்துக்கொள்ளுங்கள்.

ஓட்டுநரின் மகள்

கோவளம் ஐயா இவ்வளவு அறிவுரை சொன்னார், எஞ்சினைக் கையால் கிளப்ப முன்னால் செருகி ஹேண்டில் சுற்றுவதைப் பற்றி ஒரு வரி சொல்லவில்லை. என் அப்பா அண்ணாநகரில் ஒரு வீட்டில் ஓட்டுநராக இருந்தார். அந்த வீட்டில் 1930களைச் சேர்ந்த ஓர் ஆஸ்டின் இருந்தது. ஆண்டு முழுவதும் அதைத் துடைத்து, எண்ணெய் பார்த்து, ஞாயிறுதோறும் ஓடவிட்டு வைத்தவர் அப்பா. ராலி நாளில் மட்டும் முதலாளி ஓட்டுவார். அப்பா தண்ணீர்க் கேனோடு பின்னால் வேனில் வருவார்.

ஓர் ஆண்டு கொடியசைக்கும் நேரத்தில் எஞ்சின் அணைந்துவிட்டது. அப்பா ஓடிப்போய் ஹேண்டிலைச் செருகினார். தீப்பொறி விழும் நேரத்தை மாற்ற ஸ்டியரிங்கில் இருக்கும் டைமிங் நெம்புகோலைப் பின்னுக்குத் தள்ளிவிட்டுத்தான் சுற்ற வேண்டும். அதைத் தள்ள வேண்டியவர் உள்ளே உட்கார்ந்திருந்தவர், மறந்துவிட்டார். எஞ்சின் திருப்பி உதைத்தது. அப்பா எப்போதும் கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாகத்தான் வைப்பார், எனக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார். அன்று அவசரத்தில் கட்டைவிரல் மறுபக்கம் போயிருந்தது. மணிக்கட்டு முறிந்தது. அவர் கத்தவில்லை. இடக்கையால் மறுபடி சுற்றி வண்டியைக் கிளப்பிவிட்டு, அது வாசலைத் தாண்டும்வரை நின்று பார்த்தார். பிறகுதான் என்னிடம் கையைக் காட்டினார்.

அந்தப் பெரியவரைக் கயிற்றுக்கு அப்பால் போகச் சொன்னதை எழுதியிருக்கிறீர்களே ஹெரால்டு ஐயா, அதைப் படித்ததிலிருந்து அப்பாவின் அந்த இடக்கைதான் என் கண்முன் நிற்கிறது. நீங்கள் அவரைத் தேடினீர்களா?

நான்கு கதவு ஹெரால்டு

தேடினேன் அம்மா. வண்டலூரிலும் பெருங்களத்தூரிலும் டீக்கடைகளில் விசாரித்தேன். ஹெரால்டு பிரிவில் வேலை செய்த இருவரைச் சந்தித்தேன், அவர் அந்த இருவரில் ஒருவர் அல்லர். அவர்களில் ஒருவர் வீட்டுக்கு வந்து, நான்கு போல்ட்டுகளைத் தளர்த்தி, அரைமணி நேரத்தில் இடைவெளியைச் சரிசெய்து கொடுத்தார். முதல் கார் பற்றிப் பெரம்பூர்வாசி சொன்னது சரி, திருத்திக்கொள்கிறேன். அந்தத் தொழிற்சாலையில் கதவு பொருத்தும் வேலை செய்த யாரையேனும், அவர்களின் பிள்ளைகளையேனும் நீங்கள் அறிந்திருந்தால் இங்கே எழுதுங்கள்.