பெர்லின் ஞாயிறு: ஒரு பாட்டில் தண்ணீர் கிடைக்குமா, கிடைக்காதா?

ஸ்ப்ரீக்கரையான்:
பயணப் பகுதியில் 'ஊர்சுற்றி' என்பவர் எழுதும் ஐரோப்பியத் தொடரில் பெர்லின் அத்தியாயத்தைப் படித்த எரிச்சலில்தான் இந்த இழையைத் திறக்கிறேன். "பெர்லினில் ஞாயிற்றுக்கிழமை மாட்டிக்கொள்ளாதீர்கள். ஒரு பாட்டில் தண்ணீர்கூட வாங்க முடியாது. செத்த ஊர்" என்று எழுதியிருக்கிறார். கீழே ஆளாளுக்கு "பயனுள்ள தகவல் சார்" என்று கைதட்டு வேறு.

ஐயா, மத்திய ரயில் நிலையத்துக்குள் இருக்கும் சூப்பர் மார்க்கெட் ஞாயிறும் திறந்திருக்கும். பிரீட்ரிக்ஸ்ட்ராஸ நிலையத்தில் ஒன்று உண்டு. ஓஸ்ட்பான்ஹோஃப் நிலையத்திலும் உண்டு. பெட்ரோல் பங்கில் தண்ணீர் விற்கிறான். காலையில் பேக்கரியில் விற்கிறான். தெருவுக்குத் தெரு 'ஸ்பேட்டி' என்கிற பெட்டிக்கடை இருக்கிறது. இத்தனையையும் தாண்டி ஒருவர் நாக்கு வறண்டு ஊர் திரும்பியிருக்கிறார் என்றால் குறை பெர்லினிடம் இல்லை.

ஊர்சுற்றி:
வந்துட்டாரய்யா பெர்லின் மேயர். நான் தங்கியது ஸ்பாண்டவ் பக்கம். காலை பத்து மணிக்குக் குடும்பத்தோடு இறங்கி நடந்தேன். சூப்பர் மார்க்கெட் மூடல். அடுத்த தெருவில் இன்னொன்று, அதுவும் மூடல். மருந்துக்கடை மூடல். துணிக்கடை, செருப்புக்கடை எல்லாம் மூடல். பையன் தண்ணீர் கேட்டு அழுதான். நான் பட்டதை எழுதினேன். ரயில் நிலையத்துக்குப் போய்த்தான் தண்ணீர் வாங்க வேண்டும் என்றால் அதற்குப் பெயர் 'கிடைக்கும்' என்பதா?

ஸ்ப்ரீக்கரையான்:
ஆஹா, ஸ்பாண்டவா! அதை ஏன் கட்டுரையில் எழுதவில்லை? நகரத்தின் மேற்கு ஓரத்தில் அறை எடுத்துவிட்டு, அங்கே நாலு தெரு நடந்துவிட்டு "பெர்லின் செத்த ஊர்" என்றால் எப்படி? ஸ்பாண்டவ்காரர்களே "நாங்கள் பெர்லின் இல்லை" என்று கிண்டலாகச் சொல்லிக்கொள்வார்கள்.

கணக்குப்பிள்ளை:
1920ல் பெர்லினோடு இணைத்தாயிற்று. நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஸ்பாண்டவ் பெர்லின்தான். இந்த இடத்தில் ஊர்சுற்றி சொல்வது சரி.

ஸ்ப்ரீக்கரையான்:
கணக்குப்பிள்ளை சார், 1920 எனக்கும் தெரியும். நான் கேட்பது ஒன்றே ஒன்று: தண்ணீர் கிடைக்குமா, கிடைக்காதா? கிடைக்கும். முடிந்தது.

சுண்டல்:
கடை மூடுவது சட்டமா, பழக்கமா? சென்னையில் ஞாயிற்றுக்கிழமைதானே வியாபாரமே.

கணக்குப்பிள்ளை:
சட்டம்தான். அரசியல் சாசனத்திலேயே இருக்கிறது. 1919ல் வந்த வைமர் சாசனத்தின் 139ஆம் பிரிவு ஞாயிறை ஓய்வுக்கும் மனத்தின் உயர்வுக்கும் உரிய நாளாகக் காக்கிறது. இன்றைய ஜெர்மன் சாசனமான அடிப்படைச் சட்டத்தின் 140ஆம் பிரிவு அதை அப்படியே எடுத்துக்கொண்டது. பெர்லின் 2006ல் தன் கடைச் சட்டத்தைத் தாராளமாக்கி, திங்கள் முதல் சனி வரை 24 மணி நேரமும் திறக்கலாம் என்றது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளும் திறக்கலாம் என்றது. சும்மா விடுவார்களா? புராட்டஸ்டன்ட், கத்தோலிக்க சபைகள் இரண்டும் வழக்குக்குப் போய், 2009 டிசம்பர் 1 அன்று அரசியல் சாசன நீதிமன்றம் அந்த நாலு ஞாயிறு ஏற்பாட்டைத் தள்ளுபடி செய்தது. இப்போது ஆண்டுக்குச் சில ஞாயிறுகள் மட்டும், அதுவும் மதியம் ஒரு மணிக்கு மேல்.

அப்புறம், ஸ்ப்ரீக்கரையான் பெருமையோடு சொன்ன ஸ்பேட்டி. 2019ல் பெர்லின் நிர்வாக நீதிமன்றம் என்ன சொன்னது? சாதாரண மளிகைச் சரக்கு விற்கும் ஸ்பேட்டி ஞாயிறு திறக்கக் கூடாது. சுற்றுலாப் பயணிக்கு வேண்டியதை மட்டும் விற்கும் கடைக்குத்தான் சலுகை. ஆக, நம்மவர் ஊருக்கு வருகிறவர்களைச் சட்டத்துக்குப் புறம்பான தண்ணீர் குடிக்கச் சொல்கிறார்.

ஸ்ப்ரீக்கரையான்:
சட்டப் புத்தகத்தை மூடிவிட்டு ஒரு ஞாயிறு மாலை நொய்க்கோல்ன் பகுதித் தெருக்களில் நடந்து பாருங்கள். எத்தனை ஸ்பேட்டி திறந்திருக்கிறது என்று தெரியும். வாசலில் பெஞ்சு போட்டு ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். தீர்ப்பு 2019. கடை இன்றும் திறந்திருக்கிறது. தண்ணீர் கிடைக்கிறது.

ஊர்சுற்றி:
என்ன விலைக்கு? அதைச் சொல்ல மாட்டார். பாட்டிலுக்கு மேலே 25 சென்ட் தனியாகப் பிடுங்குகிறார்கள். கேட்டால் டெபாசிட்டாம்.

ஸ்ப்ரீக்கரையான்:
பிடுங்கவில்லை. காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 25 சென்ட்டும் கைக்கு வரும். 2003லிருந்து நடக்கிற முறை. பாட்டிலைத் தெருவில் எறிந்துவிட்டு வந்தீர்கள் போலிருக்கிறது.

ஊர்சுற்றி:
திருப்பி வாங்கும் எந்திரம் இருப்பது சூப்பர் மார்க்கெட்டில். அதுதான் ஞாயிறு மூடலே!

சுண்டல்:
ஹா ஹா, இது பாயின்ட்.

ஸ்ப்ரீக்கரையான்:
பாயின்ட் ஒன்றும் இல்லை. திங்கட்கிழமை கொடுங்கள். வேண்டாம் என்றால் குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தி வையுங்கள், பாட்டில் சேகரித்துப் பிழைப்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள். அதற்கும் முன்னால் ஒரு கேள்வி: பாட்டில் எதற்கு? பெர்லின் குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். அறையிலேயே பிடித்துக்கொண்டு கிளம்பியிருக்கலாம். தெருவிலும் சதுக்கங்களிலும் நகராட்சிக் குடிநீர்க் குழாய்கள் வேறு.

கணக்குப்பிள்ளை:
அந்தக் குழாய்கள் கோடைப் பருவத்தில் மட்டும். உறைந்துபோகும் என்று குளிர்காலத்தில் அடைத்துவிடுவார்கள். ஊர்சுற்றி போனது எந்த மாதம்?

ஊர்சுற்றி:
மாதம் முக்கியமில்லை.

ஸ்ப்ரீக்கரையான்:
சொல்ல மாட்டார். போன வருடம் "ஐரோப்பாவில் இட்லி மாவு புளிக்கவே புளிக்காது" என்று இதே ஆள் அடித்துப் பேசியபோதும் எந்த மாதம் என்று கேட்டேன். இன்றுவரை பதில் இல்லை.

ஊர்சுற்றி:
இட்லி மாவு விஷயத்தில் பத்து பேர் என் பக்கம். அந்த வயிற்றெரிச்சல்தான் இங்கே தண்ணீராக ஓடுகிறது. வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு, காசு சேர்த்து ஒரு தடவை வருகிறவனுக்கு வகுப்பு எடுப்பது சிலருக்குப் பொழுதுபோக்கு.

வடலி:
தம்பிமார், கொஞ்சம் பொறுங்கோ. பிரீட்ரிக்ஸ்ட்ராஸ நிலையத்தில சூப்பர் மார்க்கெட் திறந்திருக்குது எண்டு எழுதினதைப் பார்த்தன். எங்களுக்கு அந்த ஸ்டேஷன் தண்ணிப் போத்தல் வாங்கிற இடம் இல்லை. 83 கலவரத்துக்குப் பிறகு எங்கட பெடியள் எத்தனையோ பேர் மொஸ்கோ வழியாகக் கிழக்கு பேர்லினுக்குப் பக்கத்தில இருந்த ஷோனபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, ரயிலேறி, அந்த ஸ்டேஷனாலதான் மேற்கு பேர்லினுக்குள்ள வந்தவை. கிழக்கு ஜேர்மனி மறிக்கேல்லை. மேற்கு ஜேர்மனி அதை ஒரு நாட்டின்ர எல்லையாக ஏற்காததால அங்கால பாஸ்போர்ட் பார்க்க ஆளில்லை. அந்த ஓட்டையால வந்து அகதி விண்ணப்பம் கொடுத்தம். 85, 86க்குள்ள அதையும் அடைச்சுப்போட்டாங்கள்.

பக்கத்தில 'ட்ரேனன்பலாஸ்ட்' எண்டு கண்ணாடி மண்டபம் ஒண்டு. 1962ல் கட்டினது. மேற்குக்குப் போற சனத்தைச் சோதிச்சு அனுப்பின இடம். சொந்தக்காரரைப் பிரிஞ்சு அழுததால 'கண்ணீர் மாளிகை' எண்டு பேர். 2011இலிருந்து மியூசியம். காசில்லை, ஞாயிறும் திறந்திருக்கும். பேர்லின் வாற தமிழ்ச் சனம் ஷாப்பிங்கை விட்டிட்டு அங்க ஒருக்கா போங்கோ.

ஸ்ப்ரீக்கரையான்:
வடலி அண்ணை, அருமை. பாருங்கள் ஊர்சுற்றி, ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கிறது, இலவசம். கீழே நிலையத்தில் தண்ணீரும் கிடைக்கும்.

வடலி:
நான் சொன்னது தண்ணியைப் பற்றி இல்லை.

கடலைமிட்டாய்:
ஐயாமார்களே, சண்டைக்கு நடுவில் ஒரு உதவி. அடுத்த மாதம் எங்களுக்கு ஒரே ஒரு ஞாயிறுதான் பெர்லினில். மாமியாரும் வருகிறார், அதிகம் நடக்க முடியாது. எங்கே போகலாம்?

ஸ்ப்ரீக்கரையான்:
தங்கச்சி, ஞாயிறு கிடைத்தது அதிர்ஷ்டம். திங்கட்கிழமைதான் நிறைய மியூசியங்கள் மூடல். காலையில் நொயஸ் மியூசியம், பழைய எகிப்து அரசி நெஃபர்டிட்டியின் சிலையைப் பாருங்கள், உட்காரப் பெஞ்சு உண்டு. பெர்காமன் மியூசியம் 2023 அக்டோபரிலிருந்து வேலைக்காக மூடிக் கிடக்கிறது, பழைய பயணக் கட்டுரையை நம்பி அதன் வாசலில் நிற்க வேண்டாம். மதியம் மவுவர்பார்க். சுவர் இருந்த காலத்தில் ஆள் நுழைந்தால் சுடும் பட்டை அது. இப்போது ஞாயிறுதோறும் பழம்பொருள் சந்தை, கோடையில் திறந்தவெளிக் கரோக்கி. யாரோ ஒரு தாத்தா மேடையேறிப் பாடுவார், கூட்டம் முழுக்கக் கைதட்டும். செத்த ஊராம்! சாயங்காலம் ரைக்ஸ்டாக் என்கிற நாடாளுமன்றக் கட்டடத்தின் கண்ணாடிக் கூரை. இலவசம், லிஃப்டில் ஏறலாம். ஆனால் இணையத்தில் முன்பதிவு கட்டாயம், பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்.

ஊர்சுற்றி:
மாமியாரை அழைத்துக்கொண்டு பழம்பொருள் சந்தை நெரிசலுக்கா? நல்ல யோசனை. மாதத்தின் முதல் ஞாயிறாகப் பார்த்துப் போங்கள், மியூசியம் இலவசம்.

ஸ்ப்ரீக்கரையான்:
இதைத்தான் சொல்கிறேன்! முதல் ஞாயிறு இலவசம் 2021 ஜூலையில் தொடங்கி 2024 முடிவோடு நிறுத்தியாயிற்று. பட்ஜெட்டை வெட்டிவிட்டார்கள். விசாரிக்காமல் எழுதுகிற பழக்கம் தண்ணீரில் ஆரம்பித்து மியூசியம் வரை வந்துவிட்டது.

கணக்குப்பிள்ளை:
நெஃபர்டிட்டியை எகிப்து திருப்பிக் கேட்கிறது. 1912ல் தோண்டி எடுத்துக்கொண்டு வந்ததை இன்னும் கொடுக்காதவர்களிடம் 25 சென்ட் டெபாசிட் திரும்ப வரும் என்று நம்பச் சொல்கிறார்.

சுண்டல்:
கடலைமிட்டாய் மேடம், பதில் கிடைத்ததா?

கடலைமிட்டாய்:
ஞாயிறை ப்ராக்குக்கு மாற்றலாமா என்று யோசிக்கிறோம்.

ஊர்சுற்றி:
பார்த்தீர்களா? என் கட்டுரையை முதலிலேயே நம்பியிருந்தால் இவ்வளவு நேரம் மிச்சம். சரி, எனக்கு வேலை இருக்கிறது. அடுத்த அத்தியாயம் ஹாம்பர்க். அங்கே ஞாயிறு விடியற்காலை 5 மணிக்கே மீன் சந்தை களை கட்டிவிடும். அது ஊர்!

ஸ்ப்ரீக்கரையான்:
கோடையில்தான் 5 மணி. குளிர்காலத்தில் 7. ஒன்பதரைக்குக் கடையைக் கட்டிவிடுவார்கள். அதையாவது சரியாக எழுதுங்கள்.

ஊர்சுற்றி:
7 மணியும் விடியற்காலைதான்.

ஸ்ப்ரீக்கரையான்:
எந்த மாதத்தில்?