அப்பாவின் ‘ஊ’வில் இரண்டாவது ஃபார்மன்ட் காணவில்லை, எங்கே தவறு?

முதலாண்டு மாணவி:

வணக்கம். பேச்சு, கேட்பியல் பட்டப்படிப்பில் முதலாண்டு படிக்கிறேன். வீட்டில் மூன்று பேரின் குரலைப் பதிவு செய்து, ஆ, ஈ, ஊ மூன்றுக்கும் முதல் இரண்டு ஃபார்மன்ட்களை (வாய்க்குழலின் அமைப்பால் ஒலி வலுப்பெறும் அதிர்வெண்களை) அளந்து வரவேண்டும் என்பது எங்களுக்குக் கொடுத்த ஒலியியல் செய்முறை. திங்கட்கிழமை ஒப்படைக்க வேண்டும். நான், அப்பா, அண்ணனின் நான்கு வயது மகள் என்று மூவரை எடுத்துக்கொண்டேன். அளப்பது பிராட் மென்பொருளில்.

என் குரலில் சிக்கல் இல்லை. அப்பாவின் ஆ, ஈ இரண்டும் ஒழுங்காக வருகின்றன. ஊ மட்டும் அடம்பிடிக்கிறது. முதல் ஃபார்மன்ட் 490 ஹெர்ட்ஸ், இரண்டாவது 2,260 ஹெர்ட்ஸ் என்று காட்டுகிறது. வகுப்பில் கொடுத்த அட்டவணையில் ஆண்களின் ஊ ஒலிக்கு 300, 870 என்று இருக்கிறது. 2,260 என்பது ஈயின் கணக்கு அல்லவா? காதால் கேட்டால் சுத்தமான ஊதான். மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, மூன்று முறை பதிவு செய்துவிட்டேன். இரவுப் பணி முடிந்து வந்த மனிதரை நான்காவது முறையும் உட்கார வைக்க மனம் வரவில்லை. கைப்பேசியின் மைக்கில் கோளாறா?

இரண்டாமாண்டு மாணவர்:

கோப்பை எப்படிக் கணினிக்கு மாற்றினீர்கள்? குரல் செய்தியாக அனுப்பியிருந்தால் அது சுருக்கப்பட்டிருக்கும். மாதிரி வீதத்தையும் (ஒலியை விநாடிக்கு எத்தனை முறை அளந்து பதிகிறது என்பதை) பாருங்கள். 8,000 என்று இருந்தால் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல் கோப்பில் ஒன்றுமே இருக்காது. என் முதல் செய்முறை அப்படித்தான் வீணாகிப் போனது.

முதலாண்டு மாணவி:

கேபிள் போட்டுத்தான் மாற்றினேன். வேவ் கோப்பு, மாதிரி வீதம் 44,100.

மொழியியல் படிப்பவர்:

அப்பாவை என்ன சொல்லச் சொன்னீர்கள்? ‘பாட்டு’, ‘காசு’ போன்ற சொல்லின் கடைசி உகரத்தை வெட்டி எடுத்திருந்தால் அது குற்றியலுகரம். அங்கே பெரும்பாலும் நாம் உதட்டைக் குவிப்பதே இல்லை. உ, ஊ, ஒ, ஓ, ஔ ஐந்தும் இதழ் குவிந்து பிறப்பவை என்று தொல்காப்பியம் பிறப்பியலில் சொல்கிறது. அந்தக் குவிப்புதான் வாய்க்குழலை முன்பக்கம் நீட்டி ஃபார்மன்ட்களைக் கீழே இறக்குகிறது. குவிப்பு இல்லையென்றால் இரண்டாவது ஃபார்மன்ட் மேலே ஏறிவிடும்.

முதலாண்டு மாணவி:

சொல் எதுவும் இல்லை. ‘ஊ’ என்று தனியாக இரண்டு விநாடி நீட்டிச் சொன்னார். நன்றாக உதடு குவித்துத்தான் சொன்னார்.

கேட்பியல் ஆசிரியை:

அம்மா, மைக்கிலும் குறையில்லை, அப்பாவிடமும் குறையில்லை. ஃபார்மன்ட் மெனுவில் அமைப்புகளைத் திறந்து, உச்ச வரம்பு, அதாவது எத்தனை ஹெர்ட்ஸ் வரை ஃபார்மன்ட்களைத் தேடுகிறது என்பது, எவ்வளவு என்று பார்த்துச் சொல். 5,500 என்றுதானே இருக்கிறது?

முதலாண்டு மாணவி:

ஆமாம், மேடம். 5,500. ஃபார்மன்ட் எண்ணிக்கை 5. நான் எதையும் மாற்றவில்லை.

கேட்பியல் ஆசிரியை:

மாற்றாததுதான் சிக்கல். அந்த 5,500 பெண் குரலுக்கு உரியது. ஆண் குரலுக்கு 5,000 வைக்க வேண்டும். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், எண்ணை மட்டும் மனப்பாடம் செய்தால் அடுத்த குரலில் மறுபடியும் மாட்டிக்கொள்வாய்.

குரல்வளையிலிருந்து உதடு வரை உள்ள பாதையை, ஒரு முனை மூடிய குழாயாக நினைத்துக்கொள். வளர்ந்த ஆணுக்கு அதன் நீளம் ஏறத்தாழ 17.5 செ.மீ. உள்ளே இருக்கும் வெதுவெதுப்பான ஈரக் காற்றில் ஒலி விநாடிக்கு 350 மீட்டர் வேகத்தில் போகிறது. வேகத்தை நீளத்தின் நான்கு மடங்கால் வகுத்தால் 500 ஹெர்ட்ஸ். அது முதல் ஒத்ததிர்வு, அதாவது முதல் ஃபார்மன்ட். அடுத்தவை அதன் ஒற்றைப்படை மடங்குகள்: 1,500, 2,500, 3,500, 4,500. ஆக 5,000க்குள் ஐந்து. பெண்ணுக்குக் குழாய் 15 செ.மீ. என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பார். முதலாவது 583, ஐந்தாவது 5,250. அதனால்தான் 5,500.

மென்பொருளுக்கு ஊவும் தெரியாது, ஈயும் தெரியாது. நீ கொடுத்த வரம்புக்குள் ஐந்து மேடுகளை, அதாவது ஐந்து ஃபார்மன்ட்களை, பொருத்திக் காட்டு என்பதுதான் அதற்கு இட்ட கட்டளை. அப்பாவின் குரலில் 5,500 வரை போனால் ஆறாவது மேட்டின் அடிவாரமும் உள்ளே வந்துவிடுகிறது. இருப்பது ஐந்து இடம். மேலே ஒன்று கூடுதலாகப் பிடித்துக்கொண்டால் கீழே அருகருகே நிற்கும் இரண்டு மேடுகள் ஒரே இடத்தில் நெருக்கியடித்து உட்கார வேண்டியதுதான். 300க்கும் 870க்கும் நடுவே 490 வந்தது இப்படித்தான். நீ இரண்டாவது என்று எழுதிய 2,260 உண்மையில் மூன்றாவது ஃபார்மன்ட்.

வரம்பை மாற்றியதும் வரும் எண்ணையும் அப்படியே நம்பிவிடாதே. ஊவின் நடுவில் சொடுக்கி ஸ்பெக்ட்ரத்தை (எந்த அதிர்வெண்ணில் ஒலி எவ்வளவு வலு என்று காட்டும் படத்தை) திறந்து, ஹார்மோனிக்குகளை (அடிப்படை அதிர்வெண்ணின் மடங்குகளில் நிற்கும் கோடுகளை) கையால் எண்ணிப் பார்.

முதலாண்டு மாணவி:

மேடம், வந்துவிட்டது! 5,000 வைத்ததும் 335, 810. நீங்கள் சொன்னபடி எண்ணியும் பார்த்தேன். அப்பாவின் அடிப்படை அதிர்வெண், அதாவது குரல்நாண்கள் அதிரும் வேகம், 120. மூன்றாவது ஹார்மோனிக், அதாவது 360, உயரமாக நிற்கிறது. ஐந்தாவது நன்றாகத் தாழ்ந்து, ஏழாவது (840) மறுபடி எழுகிறது. இரண்டு மேடுகளும் கண்ணுக்கே தெரிகின்றன. ஆனாலும் 870 வரவில்லையே, அதற்கு மதிப்பெண் குறைப்பார்களா?

கேட்பியல் ஆசிரியை:

குறைக்கக் கூடாது. அந்த அட்டவணை பெல் ஆய்வகத்தில் பீட்டர்சனும் பார்னியும் 1952இல் வெளியிட்டது. 33 ஆண்கள், 28 பெண்கள், 15 குழந்தைகள், எல்லோரும் பேசியது அமெரிக்க ஆங்கிலம். உன் அப்பா பேசுவது தமிழ். அவருடைய 810ஐ 870க்கு இழுக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. அளந்ததை எழுது, வரம்பு 5,000 என்பதையும் பக்கத்தில் குறித்துவை.

இதை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. ஈ, ஊ இரண்டின் முதல் ஃபார்மன்ட்டும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில்தான் இருக்கும். அட்டவணையிலேயே பார், 270, 300. இரண்டையும் பிரித்துக் காட்டுவது இரண்டாவது ஃபார்மன்ட்: 2,290, 870. உயர் அதிர்வெண்ணில் கேட்புத்திறன் இழந்த ஒருவரிடம் ‘கீரை’ என்று சொன்னால் அந்த 2,290 அவர் காதுக்குப் போய்ச் சேராமல் போகலாம். மிச்சம் இருப்பதை வைத்து அவர் ‘கூரை’ என்று புரிந்துகொள்வார். வீட்டில் உள்ளவர்கள் கவனமில்லாத மனிதர் என்று அவரைக் கடிந்துகொள்வார்கள். நாளை அப்படி ஒருவர் உன் எதிரே உட்காரும்போது, தவறு எங்கே நடக்கிறது என்று அந்தக் குடும்பத்துக்கு நீதான் விளக்க வேண்டும்.

முதலாண்டு மாணவி:

புரிகிறது, மேடம். கீரையும் கூரையும் இனி மறக்காது. கடைசியாக ஒன்று. குழந்தைக்கு 8,000 வரம்பு வைத்தேன். 11 செ.மீ. குழாய் என்று கணக்குப் போட்டால் ஐந்தாவது மேடு 7,159 வருகிறது, சரிதானே? ஆனால் அவளுடைய ஈயின் முதல் ஃபார்மன்ட் 318 என்று காட்டுகிறது, அவளுடைய அடிப்படை அதிர்வெண்ணும் 315. இது தற்செயலா?

கேட்பியல் ஆசிரியை:

கணக்கு சரி. சந்தேகப்பட்டதும் சரி. தற்செயல் இல்லை. அவளுடைய ஹார்மோனிக்குகள் 315, 630, 945 என்று தள்ளித் தள்ளி நிற்கின்றன. மேட்டின் உச்சி இரண்டுக்கும் இடையில் இருந்தால் அங்கே ஒலியே இல்லை. மென்பொருள் அருகில் இருக்கும் ஹார்மோனிக்கையே மேடு என்று காட்டிவிடும். அமைப்பை மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது.

கிசுகிசுத்துச் சொல்லச் சொல்லலாமா என்று தோன்றும். வேண்டாம். கிசுகிசுப்பில் முதல் ஃபார்மன்ட் மேலே ஏறும், மற்ற இருவரோடு ஒப்பிட முடியாது. வேறு வழி ஒன்று உண்டு. ஆம்புலன்ஸ் போல ‘ஈ’ என்று கீழிருந்து மேலே சறுக்கிக்கொண்டே போகச் சொல். அடிப்படை அதிர்வெண் மேட்டைக் கடக்கும் இடத்தில் ஒலி சட்டென்று வலுக்கும். குழந்தை அந்த இடத்தில் மூச்சை அழுத்திவிட்டாலும் வலுக்கும் என்பதால் ஐந்தாறு முறை எடு. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வலுத்தால் நம்பலாம்.

முதலாண்டு மாணவி:

மேடம், நேற்று இரவு வீடு முழுக்க ஆம்புலன்ஸ்தான். ஏழு பதிவுகளில் ஐந்தில் 390க்கும் 410க்கும் இடையே வலுத்தது. இரண்டில் சிரித்துவிட்டாள், அவற்றை விட்டுவிட்டேன். அட்டவணையில் ‘சுமார் 400, சறுக்கல் முறையில் அளந்தது’ என்று எழுதியிருக்கிறேன். அப்பாவின் இரண்டு மேடுகளையும் படமாக ஒட்டிவிட்டேன். பார்த்துவிட்டு, மூன்றாவது பதிவுதான் நன்றாக வந்திருக்கிறது என்றார்.