புதுப்பிப்பு: வாடகை வீட்டுச் சுவரில் ஓதம், காரணம் கிடைத்தது

மடிப்பாக்கத்தில் நான் வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டின் படுக்கையறைச் சுவரில் ஓதமும் பூஞ்சையும் என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"பெயின்ட் அடிக்காதீங்க, முதல்ல பாத்ரூமைப் பாருங்க" என்ற யோசனைதான் பலித்தது. வடிகாலை அடைத்து, தரையில் 24 மணி நேரம் தண்ணீர் தேக்கினோம், மட்டம் இறங்கவில்லை. தரையைத்தான் சந்தேகப்பட்டிருந்தேன்! பிளம்பர் பைப்பில் பிரஷர் ஏற்றிப் பார்த்தார். சுவருக்குள் கீசர் பைப் மூட்டில் கசிவு.

செலவு என்னுடையதே. தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டத்தின் அட்டவணையிலும் குழாய் மாற்றுவது உரிமையாளர் பொறுப்புதான். அந்த அறையில் கைக்குழந்தை தூங்குகிறது; முன்பே பார்த்திருக்க வேண்டும். பூச்சு காய மூன்று வாரம் ஆனது, பிறகே பெயின்ட் அடித்தோம்.