ஸ்டாக்கிங்குக்குள் என்ன வைக்கலாம்?

ஜாய்ஸ் (மான்செஸ்டர்): ஸ்தோத்திரம் அக்கா, தம்பி, கனி. ஒரு யோசனை சொல்லுங்கள். கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைகள் இரண்டு பேரும் வீட்டுக்கு வருகிறார்கள். அவளுக்கு 24, இவனுக்கு 28. இப்பவும் காலையில் எழுந்ததும் பரிசு நிரப்பிய ஸ்டாக்கிங் வேண்டுமாம்! சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது கலர் பென்சில், குட்டிக் கார் என்று நிரப்பிவிடுவேன். இப்போது என்ன வைக்க?

பெரியக்கா (நாகர்கோவில்): நம்ம ஊரில் வாசலில் ஸ்டார்தான் தொங்கும். அது எவ்வளவு பெரிசு இருக்கும்?

ஜாய்ஸ்: முழங்கால் வரைக்கும் வரும் கம்பளிக் காலுறை, அக்கா. விரல் பக்கம் ஒரு கிளமென்டைன் ஆரஞ்சு, அதன் மேல் தங்கத்தாள் சுற்றிய சாக்லேட் காசு. இந்த இரண்டையும் மாற்றவே கூடாது. மிரா பட்டணத்து பிஷப் நிக்கோலாஸ் மூன்று ஏழைப் பெண்களின் கல்யாணத்துக்கு ராத்திரியோடு ராத்திரியாகப் பொன் போட்டார், அது காயப்போட்ட காலுறைக்குள் விழுந்தது என்று கதை உண்டே, அந்தப் பொன்னுக்குத்தான் ஆரஞ்சு.

தம்பி (சென்னை): அக்கா, ஆளுக்கு ஒரு கிஃப்ட் கார்டு போட்டுவிடு. வேலை முடிந்தது.

ஜாய்ஸ்: வேண்டாம்டா. பணம் அவர்களே சம்பாதிக்கிறார்கள். கடையில் இதற்கென்றே தனி அடுக்கு வைத்திருக்கிறார்கள், எல்லாம் விளையாட்டுச் சாமான். சிரித்துவிட்டு ஜனவரியில் தூக்கிப் போடுவார்கள். ‘அம்மா என்னைக் கவனித்திருக்கிறாள்’ என்று தோன்றும்படி சின்னச் சின்னதாக வைக்கணும். ஆளுக்கு 25 பவுண்டு. ஒருத்தருக்குக் கூட, ஒருத்தருக்குக் குறைய என்று ஆகிவிடக் கூடாது.

கனி (லண்டன்): சித்தி, தங்கச்சிக்கு நான் சொல்கிறேன், நானும் அவளைப் போல நர்ஸ்தானே. வார்டில் முழங்கைக்குக் கீழே எதுவும் போடக் கூடாது, கைக்கடிகாரமும் கூடாது. அதனால்தான் சட்டையில் குத்திக்கொள்ளும் வாட்ச். தலைகீழாகத் தொங்கும், நாம் குனிந்து பார்த்தால் நேராகத் தெரியும். போன மாதம் லீட்ஸ் போயிருந்தபோது பார்த்தேன், அவளுடைய வாட்ச்சில் பின் உடைந்து டேப் சுற்றி வைத்திருக்கிறாள். சிலிகான் உறை போட்டது வாங்குங்கள், துடைக்க லேசு. நொடி முள் கண்டிப்பாக இருக்கணும், நாடி எண்ண அதுதான் வேண்டும்.

கனி: அப்புறம் வாசனை இல்லாத ஹேண்ட் கிரீம். நாள் முழுக்கக் கை கழுவி, ஜெல் தேய்த்து, இந்தக் குளிரில் விரல் முட்டியெல்லாம் வெடித்துவிடும். 12 மணி நேர ஷிஃப்ட்டுக்குக் கெண்டைக்காலை இறுக்கிப் பிடிக்கும் சாக்ஸ் ஒரு ஜோடி. கறுப்பு மைப் பேனா நாலைந்து. வார்டில் பேனா நிற்கவே நிற்காது.

ஜாய்ஸ்: கனி, நீ நல்லா இருப்பாய்! டேப் சுற்றியதை அவள் என்னிடம் சொல்லவே இல்லை பார்.

பெரியக்கா: மருமகனுக்கு?

தம்பி: தங்கச்சி மகன் உனக்கும் மகன்தான், அக்கா 😄

பெரியக்கா: எனக்கு மகன்தான்டே. உனக்குத்தான் மருமகன். அவனுக்கு என்ன?

ஜாய்ஸ்: புதிதாக வாடகை வீட்டுக்குப் போயிருக்கிறான். வீட்டைச் சூடாக்கும் ரேடியேட்டர் கீழே சுடுகிறது, மேலே ஜில்லென்று இருக்கிறது என்று போன வாரம் போன் பண்ணினான். உள்ளே காற்று அடைத்திருக்கும். அதற்கு ஒரு குட்டிப் பித்தளைச் சாவி உண்டு, விலை ஒன்றும் பெரிசில்லை. ஹீட்டிங்கை நிறுத்தி ஆறவிட்டு, மேல் ஓரத்துச் சதுர முளையில் மாட்டி மெதுவாகத் திருப்பினால் உஸ்ஸென்று காற்று போகும். தண்ணீர் சொட்டியதும் மூடிவிடணும். அதுதான் அவனுக்கு முதல் சாமான்.

தம்பி: இது நல்ல யோசனை. அவன் சைக்கிளில்தானே வேலைக்குப் போகிறான்? பஞ்சர் ஒட்டும் பெட்டி ஒன்று வை.

பெரியக்கா: நானும் ஏதாவது தருவேன். உடன்குடி கருப்பட்டி இருக்கிறது. சுக்கு, மல்லி, நல்லமிளகு இடித்துக் காபிப்பொடி பண்ணித் தரேன். ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வரும் பிள்ளைக்கு இதமாக இருக்கும். அவன் மீன் குழம்பு எப்படி வைக்க என்று கேட்டானே, அம்மா நோட்டில் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பவா?

ஜாய்ஸ்: அனுப்பு அக்கா! அவனுக்குத் தமிழ் படிக்க வராது. அம்மா கையெழுத்தை அப்படியே அட்டையில் பிரிண்ட் போட்டு, பின்னால் நான் ஆங்கிலத்தில் எழுதிவிடுகிறேன். ‘புளி நெல்லிக்காய் அளவு’ என்றால் முழிப்பான், கிராமில் எழுதணும். இரண்டு பேருக்கும் ஒவ்வொன்று.

தம்பி: நான் 19ஆம் தேதி அங்கே வருகிறேனே, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா கொண்டு வரவா?

ஜாய்ஸ்: ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கிருந்து இங்கே வரும்போது பாலில் செய்ததையும் இறைச்சியையும் பையில் கொண்டுவர விடமாட்டார்கள். கோவில்பட்டி கடலை மிட்டாய் வாங்கு, ஸ்டாக்கிங்கிலும் அழகாக அடங்கும்.

கனி: சித்தி, வாட்ச் லிங்க் தனியாக அனுப்புகிறேன். நீலம் அவளுக்குப் பிடிக்கும்.

தம்பி: பெரியக்கா, பொடியைத் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி, மேலே பெயர் எழுதி அனுப்பு. பெட்டியில் இரண்டு கிலோவுக்கு இடம் விட்டு வைக்கிறேன்.

பெரியக்கா: சரிடே. நாளைக்கே சுக்கு வாங்கிக் காயப்போடுகிறேன்.