சின்ன சைக்கிள் பிராண்ட்: குழாய், சோதனை பற்றி உதவி தேவை

வணக்கம். கோவையில் ஸ்டீல் சைக்கிள் ஃப்ரேம்களை நானே வடிவமைத்துச் சொந்தப் பெயரில் விற்கும் முயற்சியில் இருக்கிறேன். முதல் தொகுதி 20 ஃப்ரேம். எல்லாம் 4130 குரோமோலி (குரோமியம், மாலிப்டினம் கலந்த எஃகு), டிக் வெல்டிங் (ஒருவகை மின்வில் பற்றவைப்பு).

முதலில் வடிவமைப்பு. 700சி சக்கரம், 32 மிமீ டயர், ஹெட் ஆங்கிள் (ஹேண்டில்பார் திரும்பும் அச்சின் சாய்வு) 72 டிகிரி, ஃபோர்க் ஆஃப்செட் (அந்த அச்சிலிருந்து சக்கர மையம் முன்னால் தள்ளியிருக்கும் தூரம்) 45 மிமீ. கணக்குப்படி டிரெயில், அதாவது அந்த அச்சை நீட்டினால் தரையில் படும் இடத்துக்கும் டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் உள்ள இடைவெளி, சுமார் 64 மிமீ வருகிறது. வேகத்தில் நேராக ஓடும், சரி. ஆனால் ஹேண்டில்பாரில் பையை மாட்டி மெதுவாகப் போனால் முன்சக்கரம் ஒரு பக்கமாக இழுக்கிறது. ஆஃப்செட்டை 50 ஆக்கினால் டிரெயில் 59 அளவுக்கு இறங்கும். முன்சுமையோடு அப்படி ஓட்டிப் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

அப்புறம் பெரிய தலைவலி, குழாய். முனைகளில் 0.9, நடுவில் 0.6 மிமீ கனமுள்ள பட்டட் குழாய் சில்லறையாக எங்கே கிடைக்கும்? கேட்ட இடத்தில் எல்லாம் டன் கணக்கில்தான் பேசுகிறார்கள். ஒரே கனமுள்ள குழாயில் செய்யலாம்தான். எடை கூடிவிடும், எனக்கு இஷ்டமில்லை.

சைக்கிள் பாதுகாப்புக்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 4210 படி, பெடல் விசையை 1 லட்சம் முறை கொடுத்து ஃப்ரேமைச் சோதிக்கும் ஆய்வகம் தெரிந்தால், தோராயச் செலவையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த அறிக்கை வராமல் ஒன்றைக்கூட விற்கப்போவதில்லை.