பாட்டியின் ஆரணிப் பட்டில் பஃப் கை ஜாக்கெட்: துணி தாங்குமா?

பாலாற்றங்கரை கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். வேலூரில் இருந்து எழுதுகிறேன். பாட்டியின் கல்யாணப் புடவை இப்போது என் கைக்கு வந்திருக்கிறது. 1960-களில் ஆரணிக்கே போய் தறிக்காரர் வீட்டில் எடுத்ததாம். அரக்கு உடல், மாம்பழ மஞ்சளில் நாலு விரல் அகல பார்டர், அதில் ஜரிகை. புடவையாக இனி கட்ட முடியாது, மடிப்பு விழுந்த இடமெல்லாம் கோடு கோடாக விட்டிருக்கிறது, முந்தியில் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிசல். பழைய பட்டுப்புடவை வாங்குபவர் தெருவில் வந்தபோது ஜரிகைக்காக நல்ல விலை கேட்டார், கொடுக்க மனம் வரவில்லை.

ஆவணியில் தம்பி கல்யாணம். அதற்கு இந்தப் பட்டிலேயே சாவித்திரி, பத்மினி காலத்து மாதிரியில் ஒரு ஜாக்கெட் தைத்துப் போட ஆசை. கழுத்து ஏறி, முதுகு முழுக்க மூடி, முன்பக்கம் ஹூக், நீளம் இடுப்பு வரை, கையில் பஃப், அதன் கீழே அந்த பார்டர். சாதா ஜாக்கெட், சுடிதார் எல்லாம் வீட்டு மிதி மெஷினில் நானே தைப்பேன். பட்டில் கை வைத்ததில்லை. லாங் பஜார் பக்கம் ஒரு கடையில் கேட்டேன், இத்துப்போன துணிக்குப் பொறுப்பு ஏற்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். இந்தத் துணி தையலைத் தாங்குமா, எந்த இடத்தில் வெட்டுவது, பஃப் வைத்தால் சுருக்கத்தில் கிழியுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தறிவீடு:

எங்கள் வீட்டில் தறி உண்டு, அதனால் துணியைப் பற்றி மட்டும் சொல்கிறேன், தையலுக்கு வேறு யாராவது வரட்டும்.

முதலில் புடவையைப் பிரித்து வெயில் விழாத ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இழை விலகிய இடம் சல்லடையாகத் தெரியும், அங்கெல்லாம் ஒரு குண்டூசி குத்தி அடையாளம் வைக்க நினைக்காதீர்கள், குண்டூசி குத்தினால் பட்டில் ஓட்டை நிற்கும், வெள்ளை நூலைத் தளர்வாக ஓட்டி வையுங்கள். அப்புறம் நல்லதாகத் தெரிகிற இடத்தை இரண்டு கையாலும் பிடித்து, பாவு வாக்கில், அதாவது நீளவாட்டில் ஒரு முறை, ஊடை வாக்கில், அதாவது குறுக்குவாட்டில் ஒரு முறை மெதுவாக இழுங்கள். சரசரவென்று சத்தம் வந்து இழை பிரிந்தால் அந்தப் பகுதி போய்விட்டது, அதை எந்தத் தையலும் காப்பாற்றாது. முந்தியில் ஜரிகை கனம் அதிகம், அதனால் அங்கேதான் முதலில் விடும். கொசுவத்தின் அடி தரையில் உரசித் தேய்ந்திருக்கும். பெரும்பாலும் நன்றாக இருப்பது உள்சுற்றுதான், அதாவது இடுப்பில் முதலில் செருகும் முனையிலிருந்து ஒன்றரை கஜம். வெளிச்சம் படாததால் அங்கே நிறமும் அப்படியே இருக்கும், ஆனால் இடுப்பு வியர்வை பட்ட மேல் ஓரத்தைத் தள்ளிவிட்டு வெட்டுங்கள்.

ஜரிகை கறுத்திருந்தால் பயப்பட வேண்டாம். ஒரு பிசிறு இழையை நகத்தால் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் அது அசல் வெள்ளி ஜரிகைதான் என்று நம்பலாம், வெள்ளி என்றால் கறுக்கத்தான் செய்யும். புளி, எலுமிச்சை, பற்பசை எதையும் அதில் தேய்த்துவிடாதீர்கள், பட்டு இன்னும் சீக்கிரம் இற்றுவிடும்.

ஊசிமுனை:

தங்கச்சி, தைக்கலாம். ஆனால் ஒன்றை மனதில் வையுங்கள்: இந்த ஜாக்கெட்டில் பாரத்தைத் தாங்க வேண்டியது லைனிங், பட்டு அதன்மேல் சும்மா படுத்திருக்க வேண்டும். மற்ற எல்லா முடிவும் இதிலிருந்துதான் வரும்.

லைனிங்குக்கு நல்ல டூ பை டூ பருத்தித் துணி ஒரு மீட்டர் வாங்கி, இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்து இஸ்திரி போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் பிறகு அது சுருங்கும், பட்டு சுருங்காது, தையல் முழுக்க இழுத்துக்கொண்டு நிற்கும். அந்த லைனிங்கை மட்டும் முழு ஜாக்கெட்டாக நூல் ஓட்டிப் போட்டுப் பாருங்கள். கையைத் தூக்கி, முன்னால் குனிந்து, உட்கார்ந்து எல்லாம் பார்த்துத் திருத்துங்கள், ஏனென்றால் பட்டில் ஒரு முறை தைத்துப் பிரித்தால் ஓட்டை வரிசை அப்படியே தெரியும், வழக்கம்போல உள்ளே துணி விட்டுப் பின்னால் பிரித்துக்கொள்ளலாம் என்ற பேச்சே இங்கே கிடையாது. அளவு சரியான பிறகு லைனிங்கைப் பிரித்துத் துண்டுகளைப் பட்டின்மேல் வைத்து வெட்டி, இரண்டையும் ஓரம் முழுக்கக் கையால் ஓட்டித் தைத்து ஒரே துணியாக்கிவிட்டு, அதற்குப் பிறகு மெஷினுக்குப் போங்கள்.

மார்பில் வழக்கத்தைவிட ஒரு இன்ச் தளர்வு கொடுங்கள். பட்டு ஜாக்கெட் முதலில் கிழிவது அக்குளில். அங்கே ஒரு சிறு சதுரத் துண்டு வைத்துத் தைத்தால் கை தூக்கும்போது இழுவை துணியில் விழாது, பழைய ரவிக்கைகளில் இதைப் பார்த்திருப்பீர்கள். ஹூக் பட்டிக்கும் கழுத்துப் பட்டிக்கும் பாட்டியின் பட்டை எடுக்காதீர்கள், அதே நிறத்தில் புதுத் துணி வாங்கிக்கொள்ளுங்கள். ஊசி புதிதாக 11 நம்பர், நூல் மெல்லிய பருத்தி. பாலியெஸ்டர் நூல் பழைய பட்டை அறுக்கும். கோடு போட மெழுகு சாக் வேண்டாம், இஸ்திரி சூட்டில் எண்ணெய்க் கறையாக நிற்கும்.

இனி பஃப். தோள்பட்டையை அரை இன்ச் உள்ளே தள்ளி வெட்டுங்கள், அப்போதுதான் பஃப் தோளின்மேல் எழும்பி நிற்கும், இல்லையென்றால் கையில் தொங்கும். கை வளைவின் உயரத்தில் ஒரு இன்ச், அகலத்தில் நாலு இன்ச் கூட்டினால் அந்தக் காலத்து அளவு வரும், அதற்கு மேல் போனால் குழந்தை கவுன் கை போல ஆகிவிடும். சுருக்கம் மேல் பாதியில் மட்டும், அக்குள் பக்கம் தட்டையாக இருக்கட்டும். நூலை இழுத்துச் சுருக்குவது உங்கள் துணிக்கு ஆகாது. கையாலேயே கால் இன்ச் கொசுவங்களாக மடித்து ஓட்டி வையுங்கள், இழுவை எந்த ஒரு இழையிலும் குவியாது. உள்ளே ஒரு துண்டு ஆர்கன்சா (விறைப்பான மெல்லிய துணி) வைத்தால் நாள் முழுக்க நிமிர்ந்து நிற்கும்.

காட்பாடி டெய்லரம்மா:

நான் பழைய பட்டுக்கு எல்லாம் பின்னால் ஒட்டு கேன்வாஸ் வைத்து இஸ்திரி போட்டுவிடுவேன், மெல்லியதாகவே கிடைக்கிறது. வெட்டும்போது பிசிறு வராது, வேலையும் பாதி.

ஊசிமுனை:

டெய்லரம்மா, புதுப் பட்டுக்கு நீங்கள் சொல்வது சரி. அறுபது வருஷத்துத் துணிக்கு அந்தச் சூடும் பசையும் வேண்டாம் என்பேன். பசை பிடித்தால் துணி விறைக்கும், விறைத்த துணி மடியும் இடத்தில் முறியும், பஃப்பும் அட்டை மாதிரி நிற்கும். கூடுதல் பிடிப்பு வேண்டுமென்றால் நடுவில் ஒரு அடுக்கு மல் துணி வைத்து ஓட்டலாம்.

பாலாற்றங்கரை:

தறிவீடு சொன்னபடி இழுத்துப் பார்த்தேன். உள்சுற்றில் ஒன்றேகால் கஜம் நன்றாகவே இருக்கிறது, சத்தமே வரவில்லை. ஜரிகையில் சிவப்பு நூல் தெரிகிறது, அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம்! ஊசிமுனை அக்கா, இன்னும் இரண்டு சந்தேகம். பார்டரை உடலிலிருந்து தனியாக வெட்டிக் கையின் அடியில் வைக்கலாமா? நம் ஊர் வெக்கையில் ஆவணியிலும் வியர்க்கும், இந்த அரக்கு சாயம் மஞ்சளில் இறங்கிவிடுமா?

ஊசிமுனை:

பார்டரைத் தனியாகத்தான் வெட்ட வேண்டும், அப்போதுதான் மேலே பஃப் உப்பி, கீழே பார்டர் கையைப் பிடித்த மாதிரி தட்டையாக இருக்கும். ஆனால் மஞ்சளும் அரக்கும் சேரும் கோட்டிலேயே கத்தரி வைக்காதீர்கள். அரக்குப் பக்கம் அரை இன்ச் சேர்த்து வெட்டி, தையலை அந்த அரக்கில், பார்டரை ஒட்டினாற்போல் ஓட்டுங்கள். ஜரிகைமேல் மெஷின் ஓடுவது கையின் பக்கவாட்டு இணைப்பில் மட்டும்தான், அங்கே சக்கரத்தைக் கையால் சுற்றியே தையுங்கள். நாலு விரல் பார்டர் என்றால் கை நீளம் எட்டு இன்ச்சுக்குக் குறையாமல் வையுங்கள், பஃப்புக்கு இடம் வேண்டும்.

சாயத்துக்கு, ஈரமான வெள்ளைத் துணியை உள்பக்க மூலையில் ஒரு நிமிஷம் அழுத்திப் பாருங்கள். அரக்கு ஒட்டினால் இறங்கும் என்று அர்த்தம். அப்படியென்றால் அக்குளில் வைக்கும் சதுரத் துண்டை லைனிங் துணியிலேயே வெட்டி, உள்ளே கழற்றித் துவைக்கிற மாதிரி இரண்டு வியர்வைப் பட்டைகளையும் ஓட்டிவிடுங்கள். சென்ட்டை ஜாக்கெட் போடுவதற்கு முன்னாலேயே அடித்து உலரவிடுங்கள், ஜரிகையில் பட்டால் கறுக்கும்.

தறிவீடு:

மிச்சப் புடவையை வெட்டிய பிறகு தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பார்டர் இன்னும் நாலைந்து கஜம் இருக்கும், வீட்டில் அடுத்து வரும் பெண்பிள்ளைகளின் பாவாடைக்கு வைக்கலாம். பழைய வேட்டித் துணியில் சுற்றி வையுங்கள், அந்துருண்டை ஜரிகையில் படக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பிரித்து மடிப்பை வேறு இடத்தில் மாற்றி மடியுங்கள், ஒரே இடத்தில் மடிந்து மடிந்துதான் அந்தக் கோடுகள் விட்டிருக்கின்றன.