அம்மாவோடு தீவுக்குப் போனவர்கள், நடந்ததைச் சொல்லுங்கள்

மல்லிகைப்பந்தல், சுவா சூ காங்

சிங்கப்பூரில் இருக்கும் நாங்கள் ஏழு பேர். அம்மாவுக்கு 74 வயது, முழங்கால் வலி. அக்காள் இருவர், அத்தான் ஒருவர், நான், என் பிள்ளைகள் இருவர். டிசம்பர் பள்ளி விடுமுறையில் ஏதாவது ஒரு தீவுக்குப் போகலாம் என்று பேச்சு தொடங்கி இரண்டு மாதம் ஆகிறது. நாற்பது பேரைப் பேருந்தில் அடைத்து, கொடி பிடித்தவர் பின்னால் ஓட வைக்கும் பயணம் வேண்டவே வேண்டாம். ஒருமுறை அப்படிப் போய், அம்மா கழிப்பறையிலிருந்து வருவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. ஒரு வேன் கொள்ளும் ஆட்கள், ஒரு வழிகாட்டி, கொஞ்சம் கோயில் குளம், கொஞ்சம் கடல், அவ்வளவுதான் ஆசை. அக்காள் பாலி என்கிறாள், அத்தான் மலேசியாவின் தியோமான் என்கிறார். விளம்பரத் தாள்களை எல்லாம் படித்துவிட்டேன். எல்லாத் தாளிலும் ஒரே தென்னை மரம்தான் சாய்ந்து நிற்கிறது. போய்வந்தவர்கள் உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்.

அலைகடல், ஈசூன்

சகோதரி, அத்தானிடம் முதலில் இதைச் சொல்லிவிடுங்கள்: டிசம்பரில் தியோமான் கிடையாது. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடலைப் புரட்டிப் போடும். விடுதிகளில் பல கதவைச் சாத்திவிடும். படகுக்கு மனம் வந்தால் வரும்.

நாங்கள் மூன்று தம்பதிகள் அக்டோபர் கடைசி வாரம் போனோம். இன்னும் மழை தொடங்கவில்லையே, கூட்டமும் இருக்காது என்ற கெட்டிக்காரத்தனம். தீவுக்குப் படகேறும் மெர்சிங் படகுத்துறையிலேயே முதல் பாடம் கிடைத்தது. அங்கே ஆற்று முகத்துவாரம் ஆழமில்லாதது. கடல் ஏறினால்தான் படகு வெளியேற முடியும், அதனால் புறப்படும் நேரம் நாளுக்கு நாள் மாறும். நாங்கள் விடியற்காலையில் கடற்பாலம் தாண்டி, அரக்கப் பரக்கப் பத்து மணிக்குப் போய் நின்றால், படகு பிற்பகல் இரண்டுக்கு. நான்கு மணி நேரம் ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்து என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

திரும்ப வேண்டிய நாள் காலையில் தீவின் சலாங் படகுத்துறையின் பலகைமேல் அலை ஏறி வழிந்தது. படகு வரவில்லை. கையிலிருந்த ரிங்கிட்டை ஆறு பேரும் மேசையில் கொட்டி எண்ணினோம். அறை வாடகை போக மிச்சம் ஆறு தட்டு நாசி கோரெங்குக்கும் ஒரு பொட்டலம் பிஸ்கட்டுக்கும் தேறியது. பிஸ்கட்டைத் திண்ணையில் வைத்துவிட்டு உள்ளே போனோம். மாலைக்குள் ஓர் உடும்பு தூக்கிக்கொண்டு போய்விட்டது. அத்தனை பெரிய உடும்பை நான் உயிர்க்காட்சிச் சாலையில்கூடப் பார்த்ததில்லை. மறுநாள் நண்பகலுக்குப் பிறகுதான் படகு.

இத்தனைக்கும் பிறகு இரண்டு முறை தியோமான் போய்விட்டேன், இரண்டும் மே மாதம். மலைக்கு அந்தப் பக்கம் ஜுவாரா என்ற கிராமம் இருக்கிறது, ஜீப்பில் ஏறி இறங்க வேண்டும். அதைப் பார்த்தவன் வேறு கடற்கரையைப் புகழமாட்டான். ஆனால் உங்கள் அம்மாவின் முழங்காலுக்கு அந்த ஜீப்பும் ஆகாது, ஆடும் படகிலிருந்து படகுத்துறைக்குக் கால் எடுத்து வைப்பதும் ஆகாது.

வெண்தாமரை, பொங்கோல்

பாலியைப் பற்றி நான் சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் ஆறு பேர், மூத்தவர் என் மாமியார். சொந்த ஊர் காரைக்குடிப் பக்கம். வெளிநாடு என்றால் அவருக்குச் சிங்கப்பூர் ஒன்றுதான். வேன் ஓட்டியவர், வழிகாட்டி, மொழிபெயர்ப்பாளர் எல்லாம் ஒரே ஆள், ஐம்பது வயது பாலிக்காரர். விமானத்தில் இரண்டே முக்கால் மணி நேரம், கடிகாரத்தை மாற்ற வேண்டியதில்லை. 2024 பிப்ரவரியிலிருந்து வெளிநாட்டுப் பயணிகளிடம் தலைக்கு 150,000 ரூப்பியா வசூலிக்கிறார்கள், அதை இணையத்திலேயே கட்டிவிட்டுப் போங்கள்.

முதல் நாள் உபுட் நடைபாதையில் பத்தடி போவதற்குள் மாமியார் நின்றுவிட்டார். அங்கே ஒவ்வொரு வீட்டு வாசலிலும், கடைப் படியிலும், நடுத்தெருவிலும்கூட உள்ளங்கை அகலத்தில் குருத்தோலைத் தட்டு வைத்திருப்பார்கள். சானாங் என்று பெயர். உள்ளே நாலு நிறப் பூ, ஒரு சிட்டிகைச் சோறு, சில சமயம் ஒரு மிட்டாய், மேலே புகையும் ஊதுவத்தி. மற்ற பயணிகள் பார்க்காமல் மிதித்துப் போகிறார்கள். மாமியார் மிதிக்கவும் மாட்டார், தாண்டவும் மாட்டார். ஒவ்வொன்றையும் சுற்றிக்கொண்டு போனார், ஒவ்வொன்றுக்கும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். இருநூறு மீட்டருக்கு அரை மணி நேரம் ஆனது. வழிகாட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை, கை கட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தார். நாற்பது பேர் கூட்டமாக இருந்தால் முதல் பூத்தட்டிலேயே மாமியாரை விட்டுவிட்டுப் போயிருப்பார்கள்.

மறுநாள் தம்பாக்சிரிங்கில் தீர்த்த எம்புல் கோயில். 962ஆம் ஆண்டில் ஏற்பட்டது என்று சொல்கிறார்கள். உள்ளே ஒரு குளத்தில் ஊற்று கறுப்பு மணலைக் கிளப்பிக்கொண்டு கொதிப்பதுபோல் பொங்குகிறது, ஆனால் தண்ணீர் சில்லென்று இருக்கிறது. அந்தத் தண்ணீர்தான் வெளியே வரிசையாகக் கல் குழாய்களில் கொட்டுகிறது. இடுப்பில் சாரோங் கட்டி, ஒவ்வொரு குழாய்க்கும் தலை கொடுத்து நகர வேண்டும். இறந்தவர் சடங்குக்குரிய இரண்டை மட்டும் விட்டுவிடச் சொன்னார் வழிகாட்டி. "நம்ம ராமேசுவரத்து இருபத்திரண்டு தீர்த்தம் மாதிரிதான், வாளி மட்டும் இல்லை" என்று மாமியார் கணக்கு முடித்தார்.

குளித்துவிட்டு உள்ளே போனபோதுதான் சங்கடம். உயரமான கல் பீடம், பத்மாசனம் என்கிறார்கள், நம் சொல்லேதான். உச்சியில் ஒரு நாற்காலி. நாற்காலியில் யாரும் இல்லை. மாமியார் எட்டி எட்டிப் பார்த்தார். "சாமி எங்கே?" வழிகாட்டி பொறுமையாகச் சொன்னார்: பரம்பொருளுக்கு உருவம் இல்லை, அந்த இருக்கை அவருக்கானது, பூசை செய்யும்போது இறங்கி வந்து அமர்வார். நான் மொழிபெயர்த்தேன். வெறும் நாற்காலியைக் கும்பிடவா இத்தனை ஆயிரம் வெள்ளி செலவழித்தீர்கள் என்று கேட்பார் என்று என் கணவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். மாமியார் சற்று நேரம் நின்றார். பிறகு சொன்னார்: "சிதம்பரத்தில் திரையை விலக்கினால் மட்டும் என்ன இருக்கிறது? தங்க வில்வ மாலைதானே. அதேதான் இது." நெற்றியில் ஈர அரிசி ஒட்டிவிட்டார்கள். திருநீறு இல்லையே என்ற ஒரு குறையைத் தவிர அவருக்கு வேறு குறை இல்லை.

அன்று மாலை ஆறு மணிக்கு எங்கிருந்தோ ஒலிபெருக்கியில் காயத்ரி மந்திரம். மூன்று வேளையும் சொல்லும் திரிசந்தியா வழிபாடு அதில்தான் தொடங்கும். படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

இரண்டு எச்சரிக்கை. மாதவிலக்கு நாட்களில் பெண்களைக் கோயிலுக்குள் விடமாட்டார்கள், வாசலிலேயே பலகை இருக்கிறது. என் நாத்தனார் மகள் வெளியே உட்கார வேண்டியதாயிற்று. எனக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் அவர்கள் வீடு, அவர்கள் முறை. சிறிய குழு என்பதால் நாங்கள் ஒருவர் மாற்றி ஒருவர் அவளோடு உட்கார்ந்தோம். அடுத்தது சைவம். காய்கறிச் சாப்பாட்டிலும் சம்பலில் தெராசி இருக்கும், இறால் விழுது. "தெராசி வேண்டாம்" என்று அந்தச் சொல்லாலேயே சொல்லுங்கள். தெம்பே என்ற சோயா அவரைக் கட்டி, காடோ காடோ என்ற காய்கறிக் கலவை இரண்டையும் வைத்து மாமியார் ஐந்து நாள் ஓட்டினார். மீதிக்குப் பருப்புப் பொடி.

கடலுக்குக் கூத்தா வேண்டாம், இழுப்பு அதிகம், சிவப்புக் கொடி பறந்துகொண்டே இருக்கும். சனூரில் வெளியே பவளப்பாறை அலையை உடைத்துவிடுகிறது, உள்ளே குளம்போல் இருக்கும். ஆனால் வற்று நேரத்தில் போனால் கணுக்கால் தண்ணீருக்கு அரைக் கிலோமீட்டர் நடக்க வேண்டும். காலையில் விடுதிக்காரரிடம் கடல் ஏறும் நேரம் கேட்டுக்கொள்ளுங்கள். டிசம்பர் பாலியிலும் மழைக்காலம்தான். ஜூன் விடுமுறைக்குத் தள்ளிப் போட முடியுமா என்று பாருங்கள்.

இரவுப்பறவை, தெம்பனிஸ்

பாலி என்றதும் ஞாபகம் வந்தது. நாள் பார்க்காமல் டிக்கெட் எடுத்து, பாலிக்காரர்களின் மௌனப் புத்தாண்டான ஞெப்பி நாளில் மாட்டிக்கொண்டவர்கள் நாங்கள் ஐந்து பேர். பெரும்பாலும் மார்ச்சில் வரும். 24 மணி நேரம் விமான நிலையமே மூடிக் கிடக்கும். தெருவில் கால் வைக்கக் கூடாது, விளக்கு எரியக் கூடாது. பகல் முழுவதும் திட்டித் தீர்த்தோம். இரவில் விடுதி முற்றத்துக்கு வந்து தலையைத் தூக்கினோம். சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்த என் மகன், பதினொரு வயது, பால் வீதியைக் காட்டி "அது மேகமா அப்பா?" என்று கேட்டான்.

கணக்குப்பிள்ளை, ஜூரோங் மேற்கு

எல்லாரும் தீவைப் பற்றியே பேசுகிறீர்கள். ஆளைப் பற்றி யாராவது பேசுங்கள். நாற்பது பேரில் ஒரு முசுடு இருந்தால் தெரியாது, ஏழு பேரில் தெரியும். எட்டு நண்பர்கள் பக்கத்து இந்தோனேசியத் தீவான பிந்தானுக்குப் போனோம், இரண்டு இரவு. ஒருவர் இரண்டு நாளும் வேனுக்கு நாற்பது நிமிடம் தாமதம். இன்னொருவர் நண்டு தின்றுவிட்டு, கணக்கைச் சமமாகப் பிரிக்கலாம் என்றார். நான் தின்றது கீரை. இன்றுவரை அந்தக் குழுவில் இருவர் பேசிக்கொள்வதில்லை. அதில் ஒருவர் நான். கிளம்பும் முன்பே பொதுப் பணம் என்று ஆளுக்கு இவ்வளவு வெள்ளி வாங்கி ஒரு கையில் கொடுத்துவிடுங்கள், அதுவும் அத்தான் கையில் வேண்டாம்.

ஓய்வாசிரியர், அங் மோ கியோ

பிந்தானுக்குப் போகிறவர்கள் வடக்கே கடற்கரை விடுதிகளோடு திரும்பிவிடுகிறார்கள். தானா மேரா படகு முனையத்திலிருந்து பிந்தானின் தஞ்சோங் பினாங்கு ஊருக்கே நேரே படகு இருக்கிறது, ஏறத்தாழ இரண்டு மணி நேரம். அங்கே கடிகாரம் நமக்கு ஒரு மணி நேரம் பின்னால். திரும்பும் படகைத் தவறவிடுகிறவர்கள் இதை மறந்தவர்கள்தான். இந்தியக் கடப்பிதழோடு போகிறவர்கள் விசா விதியை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

தஞ்சோங் பினாங்கிலிருந்து பொம்பொங் என்ற மரப்படகில் கால் மணி நேரத்தில் பெஞெங்கட் தீவு. ரியாவ் அரச குடும்பத்தின் இருப்பிடமாக இருந்த இடம். முழுக்க மஞ்சள் நிறத்தில் ஒரு பள்ளிவாசல். 13 குவிமாடம், 4 தூபி, இரண்டும் சேர்ந்து நாள் ஒன்றுக்கான தொழுகையின் 17 ரக்அத்துகளைக் குறிக்கும் என்றார் வழிகாட்டி. சாந்தில் முட்டை வெள்ளைக்கரு கலந்து கட்டியதாகச் சொல்வார்கள். செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்த எனக்கு அது வியப்பாக இல்லை.

எனக்கு வியப்பு வேறு இடத்தில் காத்திருந்தது. அரசி ஒருத்தியின் கல்லறை வளாகத்துச் சுவரில் மலாய்ப் புலவர் ராஜா அலி ஹாஜி 1847இல் எழுதிய நீதிப் பாடல்களைப் பொறித்திருக்கிறார்கள். இரண்டிரண்டு அடிகளாக இருந்தன. வழிகாட்டிப் பையன், இருபது வயது இருக்கும், "இந்தப் பாடல் வகைக்குக் குரிந்தாம் என்று பெயர், உங்கள் மொழியிலிருந்து வந்ததாகப் பள்ளியில் படித்தோம்" என்றான். முப்பது ஆண்டு குறள் நடத்தியவன் நான், ஒரு மலாய்ப் பையனிடம் வாயடைத்து நின்றேன். எங்களோடு வந்த நான்கு பேரில் இருவர் பள்ளிக்கூடத்துப் பழைய தோழர்கள். எல்லாரும் இளநீர் குடிக்கப் போய்விட்டார்கள். நானும் அவனுமாக ஒரு மணி நேரம் சுவரைப் படித்தோம், அவன் மலாயில் வாசிக்க, நான் ஒப்பான குறள் சொல்ல. எல்லாவற்றுக்கும் ஒப்பு கிடைக்கவில்லை. பாதிக்குக் கிடைத்தது. அங்கே குளிப்பதற்குக் கடற்கரை ஏதும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பெரியவர், புவன விஸ்தா

தம்பி தங்கைகள் எல்லாரும் கடல் தாண்டிப் போகிறீர்கள். நான் போனது மரினா சவுத் பியரிலிருந்து படகேறிச் செயின்ட் ஜான்ஸ் தீவு. அங்கிருந்து தரைப்பாலத்தில் நடந்தால் லாசரஸ் தீவு, நல்ல வெள்ளை மணல், குளிக்கலாம். ஓய்வுபெற்ற நண்பர்கள் ஆறு பேர், வாழையிலையில் இட்லி, ஒரு குடுவை காப்பி.

படகு நெருங்கும்போதே எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. 1874இல் அந்தத் தீவில் தொற்று நோய்க் காவல் நிலையம் வைத்தார்கள். கப்பலில் வந்த ஏழைப் பயணிகளை ஊருக்குள் விடுமுன் அங்கேதான் இறக்குவார்கள். என் அப்பா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறித் தளத்தில் படுத்து வந்தவர். அந்தத் தீவின் பெயர் அவர் வாயில் வராது, "தடுத்து வைத்த இடம்" என்றுதான் சொல்வார். துணியை எல்லாம் வாங்கி ஆவியில் போட்டார்களாம், மருந்து வாடைத் தண்ணீரில் குளிக்கச் சொன்னார்களாம். இரவில் எதிர்க்கரையில் சிங்கப்பூரின் விளக்குகள் தெரியும், அவ்வளவு பக்கத்தில் இருந்தும் போக முடியாது. அதைத்தான் அடிக்கடி சொல்வார்.

நண்பர்கள் லாசரஸுக்கு நடந்துவிட்டார்கள். நான் படகுத்துறைக்கு அருகே ஒரு மரத்தடியில் உட்கார்ந்தேன். தீவில் பூனைகள் நிறைய, ஒன்று வந்து இட்லி கேட்டது, கொடுத்தேன். எதிரே கட்டடங்கள் பகலிலேயே பளபளத்தன. எண்ணிப் பார்த்தேன், அப்பா பார்த்த திசையில் இருந்து நான் ஊரைப் பார்ப்பது அதுவே முதல் தடவை. 71 வயதில்.

மகளே, தண்ணீரும் சாப்பாடும் கையில் கொண்டுபோங்கள். கடைசிப் படகு நேரத்தை இறங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

மல்லிகைப்பந்தல், சுவா சூ காங்

எல்லாருக்கும் நன்றி. இரவு அம்மாவுக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். டிசம்பர் இல்லை, ஜூன். தியோமான் இல்லை, பாலி. அத்தானுக்கு முகம் கறுத்துவிட்டது, பொதுப் பணத்தை அவரிடமே கொடுத்துச் சமாதானப்படுத்தலாம் என்கிறாள் அக்காள், கணக்குப்பிள்ளை ஐயா மன்னிக்க வேண்டும். டிசம்பரில் ஒரு நாள் மழையில்லாமல் விடிந்தால் செயின்ட் ஜான்ஸ் தீவுக்கு இட்லியோடு போவதாக இருக்கிறோம். பெரியவர் ஐயா எழுதியதை இரண்டாம் முறை படிக்கச் சொன்னார் அம்மா. அம்மாவின் தாத்தாவும் கப்பலில் வந்தவர்தான், எங்கே இறக்கினார்கள் என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை.

வெண்தாமரை, உங்களுக்கு ஒரு கேள்வி, அம்மா கேட்கச் சொன்னது: அந்தக் காலி நாற்காலிக்கு முன்னால் தேங்காய் உடைக்க விடுவார்களா?